ஐந்தாவது சுவிட்ச்

அன்று காலையில் எனக்கு முதலில் தெரிந்தது வாசனைதான். டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன மீனின் வாடை வந்தது. வீட்டில் மீன் வாங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

முன்னறைக்குப் போனேன். மின்விசிறி நின்றிருந்தது. நைனாவின், என் அப்பாவின், கட்டிலுக்கு மேலே சுவரில் பதிந்திருந்த பழைய மரப்பெட்டியிலிருந்து, சர்ர் என்று, ஈர விறகு எரிவதைப் போன்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. சுவிட்சைச் சுற்றிச் சுண்ணாம்பு பழுப்பேறிக்கொண்டிருந்தது. நைனா படுத்தபடியே அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் வராது, பேச்சும் இல்லை. இடது கை மட்டும் தலைக்கு மேலே நீண்டு, பெட்டியின் கடைசிச் சுவிட்சின் மேல் இருந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். சத்தம் நின்றது. அவர் கையை மெதுவாக எடுத்து மார்பின் மேல் வைத்தேன். சூடாக இருந்தது. காயம் இல்லை.

திருப்பதி பேருந்து தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நான் கேட்க வேண்டியிருந்த உதவி

நைனாவைப் பற்றி எழுத நேரும்போது மட்டும் ஏன் வேகமாகக் கடந்துவிடுகிறாய் என்று, இந்தத் தொடரை வாரந்தோறும் படிக்கும் ஓர் அம்மையார் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. இந்த வாரம் நின்று எழுத முயல்கிறேன்.

அம்மா போன பிறகு சித்தூர் வீட்டில் நாங்கள் இருவர்தாம். நான் திருப்பதியில் எம்.ஏ. இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். விடியலில் கிளம்பினால் பாகாலா, சந்திரகிரி வழியாக முதல் வகுப்புக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். மாலையில் திரும்பிவிடலாம். நைனாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகும் அப்படித்தான் போய்வந்தேன். கட்டிலருகே பிளாஸ்கில் கஞ்சி, கையெட்டும் தூரத்தில் தண்ணீர், கீழே பாத்திரம். எல்லாவற்றையும் இடது கைக்கு வாகாக அடுக்கிவிட்டுப் போவேன்.

ஒரு நாள் திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார். எப்போது விழுந்தார் என்று சொல்ல அவரால் முடியவில்லை. கன்னத்தில் தரைக்கோடுகள் ஆழமாகப் பதிந்திருந்ததை வைத்து நானே ஊகித்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் வருகைப் பதிவு சரிந்தது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, இனி விடுப்பு எடுத்தால் தேர்வு எழுத முடியாது என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஏர்பேட்டிலிருந்து பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண்மணி சில வாரங்களில் அறுவடை என்று போனவர் திரும்பவில்லை. வேறு ஆள் வைக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

அவர் தட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கேட்டால் வருகிற ஒருவர் பகலில் இருந்தால் போதும், நான் படிப்பை முடித்துவிடுவேன். அந்தத் தூரத்தில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. எங்கள் முன்னறைச் சுவரின் மறுபக்கம், நைனாவின் தம்பி வீடு. சின்ன நைனா என்று நான் அழைத்தவர். எங்கள் இரு குடும்பங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் பேச்சு இல்லை.

அந்த வீட்டுக்குள் போக எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

விடுதி அறையின் பொத்தான்கள்

சுவிட்சுகளைப் பற்றிப் பேசும்போது திருச்சானூர் நினைவுக்கு வருகிறது. என் வகுப்புத் தோழி லாவண்யாவின் பெற்றோர் அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விடுதி நடத்துகிறார்கள். மழைக்காலத்தில் பேருந்து நின்றுபோனால் அங்கே தங்கியிருக்கிறேன். ஒவ்வோர் அறையிலும் கட்டிலுக்குத் தலைமாட்டில் பெரிய சுவிட்ச் போர்டு. எது எதற்கென்று யாருக்கும் தெரியாது. வருகிற பக்தர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து அறையில் விளக்கு அணையும். அங்கிருந்து யாராவது கத்துவார்கள்.

"ஒண்ணு ரெண்டு சும்மாதான் இருக்கும்டி. ஓட்டைய அடைக்கிறதுக்கு வெச்சிருக்காங்க," என்பாள் லாவண்யா.

எங்கள் வீட்டுப் பெட்டியின் ஐந்தாவது சுவிட்சையும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். முதலாவது குழல் விளக்கு, இரண்டாவது மின்விசிறி, மூன்றாவது பிளக், நான்காவது வாசல் விளக்கு. ஐந்தாவதை அழுத்தினால் எதுவும் நடக்காது. விரலை எடுத்தால் தானே மேலே வந்துவிடும். உள்ளே ஸ்பிரிங் கெட்டிருக்கிறது என்பது என் முடிவு. அதன் மேல் ஏதோ சின்னம் இருந்திருக்கலாம். ஒவ்வொரு முறை வெள்ளையடித்தபோதும் தூரிகை அதன் மேலும் போய்வந்ததில் மூடிவிட்டது.

நைனா படுக்கையில் விழுந்த பிறகு அந்த ஐந்தாவதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். காலையில் அழுத்துவார். நான் மாலையில் திரும்பும்போதும் அழுத்திக்கொண்டிருப்பார். பயிற்சி கொடுக்க வந்தவர், விரலுக்கு நல்லது, விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டோம்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் எழுந்த சுவர்

இந்த வீடு ஒரே வீடாக இருந்தது. என் தாத்தா திருச்சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார். சபைக் காம்பவுண்டுக்கு வெளியே சொந்தமாக அவர் கட்டிய ஒரே சொத்து இது. அவர் காலமான பின் இரண்டு மகன்களும் பங்கு கேட்டார்கள். சபை மூப்பர்கள் வந்து ஜெபித்துவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள். முன்னறை மூத்தவருக்கு, சமையற்கட்டு இளையவருக்கு. நாங்கள் பின்பக்கம் புதிதாக ஒரு சமையலறை இறக்கிக்கொண்டோம்.

கொத்தனார் சுவர் எழுப்ப வந்தது கிறிஸ்துமஸ் வாரம். சுவர் எழும்ப வேண்டிய இடத்தை மேலே குறுக்கே கடந்து போகும் மின்கம்பிக் குழாயை வெட்டினால் இரண்டு பக்கமும் இருட்டாகிவிடும். அந்த வாரத்தில் எந்தக் கிறிஸ்தவ வீட்டில் நட்சத்திரம் எரியாமல் இருக்கும்? வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீதபவனி வருகிறவர்கள் இருட்டான வாசலில் நிற்பார்களா? ஆகவே, குழாயைச் சுற்றி அப்படியே செங்கல் வைத்துப் பூசச் சொன்னார்கள். புத்தாண்டுக்குப் பிறகு ஒயரைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் உடன்பட்டார்கள். அவர்கள் உடன்பட்ட கடைசி விஷயம் அதுதான் என்று அம்மா சொல்வார்.

புத்தாண்டுக்குப் பிறகு சின்ன நைனா தனி மீட்டர் வாங்கிக்கொண்டார். இரு பக்கமும் விளக்குகள் எரிந்தன. குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

டெஸ்டர் எரிந்தது

மஸ்தான் அண்ணன் மதியம் வந்தார். எங்கள் பகுதிக்கு அவர்தான் எலக்ட்ரீசியன். காதில் மாட்டிய கருவியில் யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

"யம்மா! இன்னா பாப்பா இது, பெட்டிக்குள்ள பாம்பு குட்டி போட்ட மாதிரி இருக்குது. எந்தக் காலத்து ஒயரு? எல்லாத்துக்கும் ஒரே கலரு."

"மாத்திடலாமா அண்ணா?"

"மாத்தித்தான் ஆவணும். வெள்ளை போர்டு, புது மாடலு, கொண்டாந்துகினேன். அர மணி நேர வேலை."

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தினோம். நைனாவின் இடது கை காற்றில் எதையோ தேடிவிட்டு இறங்கியது. கருகிய சுவிட்சுகளை மஸ்தான் அண்ணன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஐந்தாவதைக் கழற்றும்போது கையை உதறிக்கொண்டு பின்னால் குதித்தார்.

"அய்ய தேவுடா! மெயின ஆஃப் பண்ணியா இல்லியா பாப்பா? என்ன மேல அனுப்ப பாக்கறியா?"

"பண்ணிட்டேன் அண்ணா. காலையிலயே."

அவர் நம்பவில்லை. தாமே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டெஸ்டரை ஒவ்வொரு கம்பியிலும் வைத்தார். நான்கில் எரியவில்லை. ஐந்தாவதன் ஒரு கம்பியில் வைத்தவுடன் அந்தச் சிறிய ஆரஞ்சு ஒளி எரிந்தது.

"நம்ம கரண்டு இல்ல இது," என்றார். சுவரைக் காட்டினார். "அந்தாண்ட வூட்டு கரண்டு. அங்கேர்ந்து ஏதோ ஒரு பொருளுக்குள்ள பூந்து இங்க வந்துகினு இருக்குது. அவங்க மெயின் ஆஃப் பண்ணாத்தான் நான் இத தொடுவேன். போய்ச் சொல்லிட்டு வா."

"பொருளுன்னா என்ன அண்ணா?"

"இன்னாவோ. பல்பா இருக்கும். அந்தப் பொருளு அங்க மாட்டியிருக்கறதாலதான் கரண்டு இங்க வருது. கழட்டியிருந்தா இது செத்த கம்பி."

நான் முகம் கழுவிக்கொண்டேன். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மற்றதைக் கேட்டுவிடலாம்.

சமையற்கட்டில்

பின்வாசல் வழியாகப் போனேன். சின்ன நைனாவின் மனைவி, சின்னம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சின்ன நைனாவின் தலையின் பின்பக்கம் மட்டும் நாற்காலிக்கு மேலே தெரிந்தது.

"எஸ்தரு! இன்னாடி, உங்கப்பாவுக்கு ஏதாச்சும்…"

"இல்ல சின்னம்மா. போர்டு எரிஞ்சிடுச்சு. மஸ்தான் அண்ணன் வந்திருக்காரு. உங்க மெயின கொஞ்சம் ஆஃப் பண்ணணுமாம்."

அவர் முகம் தளர்ந்தது. "அவ்ளதானா. பயந்தே பூட்டேன்."

அப்போது என் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. தட். தட், தட். கனத்த துணிக்குள் எதையோ தட்டுவது போல. சுவரின் மறுபக்கம் மஸ்தான் அண்ணன், கை படாமல் குறட்டால், கம்பிகளைச் சேர்த்துப் பார்க்கிறார் போலும்.

கூடத்தில் தொலைக்காட்சியின் ஒலி உயர்ந்தது.

சின்ன நைனா திரும்பவில்லை. தலை அசையவில்லை. நாற்காலிக் கையில் கிடந்த ரிமோட்டைக் கை தானாகத் தொட்டது, ஒலி ஏறியது, அவ்வளவுதான். ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அந்த அளவு பழக்கம்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மெயின் பெட்டிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, சுவரில் ஒரு துணிமூட்டை. பழைய லுங்கித்துணி பல சுற்றாகச் சுற்றி, மேலே சணலால் கட்டியிருந்தது. பல்வலிக்காரனின் தாடையைப் போல வீங்கியிருந்தது. துணியின் கீழ் விளிம்பில் பித்தளையின் ஓரம் தெரிந்தது.

தட், தட்.

"அது இன்னா சின்னம்மா?"

அவர் கீரையைப் பார்த்தார். "உங்க தாத்தாவோட மணிடி. முன்ன ரூம்புல உக்காந்து எழுதிக்கினு இருப்பாரு. காப்பி வேணும்னா அமுக்குவாரு, இங்க அடிக்கும். நான் கல்யாணமாகி வந்தப்ப அந்த மணிக்கு ஓடுறதுதான் எனக்கு வேலை. அப்புறம் அவரு படுத்துட்டாரு. அப்ப மணி அடிச்சா உங்கப்பாவும் இவரும் ரெண்டு பேரும் ஓடுவாங்க. யாரு மொதல்ல போறதுன்னு போட்டி. துன்னுக்கினு இருந்தாக்கூட கைய கழுவாம ஓடுவாங்க."

"நைனா அமுக்கறது இங்க கேக்குமா?"

சின்னம்மா கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"விழுந்தப்பவும் கேட்டுதா?"

"விழுறதுக்கு முன்னால எவ்ளோ நேரம் அடிச்சாரோ அவ்ளோ நேரமும் கேட்டுது," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அப்புறம் நின்னுபோச்சு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன். நான் இன்னாடி பண்ணுவேன்? மொதல்ல ரெண்டு நாளு பின்பக்கமா ஓடி வந்து எட்டிப் பாத்தேன். என்ன பாத்துட்டு தலைய திருப்பிக்கினாரு. அவருக்கு இவரு வரணும். மறுபடியும் அமுக்கறாரு. நாள் பூரா. இவரு ஒரு நாளு ஸ்டூல போட்டு ஏறி லுங்கிய கிழிச்சி கட்டினாரு. அத்த கழட்டி எறிஞ்சிடுய்யான்னேன். அதுக்கும் மாட்டேன்னுட்டாரு. துணிக்குள்ள தட்டு தட்டுன்னு கேக்கும். கேட்டா டிவிய ஏத்திடுவாரு."

நான் கேட்க வந்ததை அதன் பிறகும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பகலில் மட்டும், தேர்வு முடியும் வரை, இடையில் ஒருமுறை வந்து பார்த்தால் போதும் என்றேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் அப்படியே வந்தன. கேட்கத் தகுதியில்லாத இடத்தில் ஒப்பிப்பது போல.

சின்னம்மா கூடத்தின் பக்கம் பார்த்தார். அங்கிருந்து குரல் வந்தது. என்னை நோக்கி அல்ல, தொலைக்காட்சியை நோக்கி.

"மெயின ஆஃப் பண்ணி அனுப்பு. அவங்க வூட்ல மனுசன் படுத்திருக்கான்னா அவங்க வூட்டாளுங்க பாத்துக்கணும்."

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானய்யா!" என்றார் சின்னம்மா.

"கோடு போட்டப்ப அவன் அத்த சொன்னானா?"

சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். கீரையின் ஈரம் ஒட்டியது. "வரமாட்டேன்னு சொல்லலடி கண்ணு. வந்தா இந்த வூட்ல நான் இருக்க முடியாது. புரியுதா?"

புரிந்தது. அவர் மெயினை அணைத்தார். தொலைக்காட்சி நின்றது, குளிர்பெட்டியின் முனகல் நின்றது. எங்கள் மூவரின் மூச்சுவிடும் ஓசை மட்டும் இருந்தது. நான் பின்வாசல் வழியாகத் திரும்பினேன்.

ஓர் இடைக்குறிப்பு

பெட்டியிலிருந்து கழற்றிய ஐந்தாவது சுவிட்சை அன்று கையில் வைத்துப் பார்த்தேன். நகத்தால் வெள்ளையைச் சுரண்டியபோது சிறிய மணிச் சின்னம் கிடைத்தது. ஒரு பாடலில் சொல்லாமல் விட்டதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். நல்ல மதிப்பெண் வாங்குகிற மாணவி நான். ஓராண்டுக்கும் மேலாக, என் வீட்டில், என் கண்ணெதிரே ஒரு கை மணியடித்துக்கொண்டிருந்தது. அதை நான் உடற்பயிற்சி என்று படித்திருந்தேன்.

குருவிச் சத்தம்

"இந்தக் கம்பிய இன்னா பண்றது?" என்றார் மஸ்தான் அண்ணன்.

"வெட்டிடுங்க அண்ணா."

அவர் அதை வெட்டி, முனையில் டேப் சுற்றி, குழாய்க்குள் தள்ளினார். மூப்பர்களின் கோடு அன்றுதான் முழுமையாகப் போடப்பட்டது. பிறகு மஸ்தான் அண்ணன் மறுபக்க வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கே மெயின் போட்டார்கள். தொலைக்காட்சி மீண்டும் கேட்டது.

புதிய வெள்ளை போர்டைப் பொருத்தும்போது அவர் நிறுத்தினார். "அஞ்சாவது ஓட்டை காலியா நிக்குது பாப்பா. மூடிய போட்டு அடைச்சிடவா?"

நைனா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி வாங்கி எங்கள் சமையலறையில் மாட்டச் சொன்னேன். பகலில் அதைக் கேட்க வீட்டில் ஆள் வேண்டும் என்பது மஸ்தான் அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில்தான் நான் முடிவெடுத்தேன் என்று நினைக்கிறேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அவர் கடைத்தெருவுக்குப் போய்வருவதற்குள், இனி வரமாட்டேன் என்று லாவண்யாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் உடனே அழைத்தாள். நான் எடுக்கவில்லை.

இப்போது வரும் மணிகள் குருவி போலக் கத்துகின்றன. மாட்டி முடித்ததும் கட்டிலைச் சுவரோடு சேர்த்தோம்.

"பெரியவரே, அமுக்கிப் பாருங்க. உங்களுக்காகத்தான் ஸ்பெஷலு," என்றார் மஸ்தான் அண்ணன்.

நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே குருவி கத்தியது. ஓடினேன்.

நைனா பின்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் வந்த திசையை. கண்கள் அகன்றிருந்தன. அவர் அழுத்தி அவர் காதில் விழுந்த முதல் மணி அது. என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சிரமப்பட்டுத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் பின்னறையில் குருவி கத்தியது. சுவரைப் பார்த்தபடியே காத்திருந்தார்.

"நைனா, இது இப்ப நம்ம வூட்டுலதான் அடிக்குது. நான்தான் வருவேன். இனிமே எங்கயும் போவல, இங்கதான் இருப்பேன்," என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. அவர் இடது கையைப் போர்டிலிருந்து எடுத்து, போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

மஸ்தான் அண்ணன் கருகிய சாமான்களைப் பையில் அள்ளிக்கொண்டு, "சூப்பரா அடிக்குது பாப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீட்டில்தான் இருக்கிறேன். சமையலறைத் தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, ஒரு காதை மேலே வைத்து உட்கார்ந்திருக்கிறேன். தேர்வுகள் முடிந்துவிட்டன என்று லாவண்யா எழுதியிருந்தாள். நைனாவுக்குத் தாகம் எடுத்தால் நானாகப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது.

போர்டில் நான்கு சுவிட்சுகளின் மேலும் விரல் அழுக்குப் படிந்துவிட்டது. ஐந்தாவது, கடையிலிருந்து வந்த வெண்மையோடு அப்படியே இருக்கிறது.